செவலை தின்ற கசப்பு உருண்டை

அப்பு, உன் அப்பா தெவசத்துக்கு எடுத்த வாடகைப் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பி, மிச்சமிருந்த பலகாரத்தைத் தெருவில் பங்கு வைத்து முடித்து, இன்றைக்குத்தான் கையும் காலும் சும்மா இருக்கின்றன. பக்கத்து வீட்டில் போன் இருக்கிறது, கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நான் ஒரு பேச்சுப் பேசுவதற்குள் நீ ஒன்பது பேச்சுப் பேசுவாய். அதோடு பக்கத்து வீட்டம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். சாப்பிட்ட பிறகு படி. பசியோடு படித்தால் உனக்குக் கோபம் வரும். அது உன் அப்பா வழி இல்லை, என் வழி.

அன்றைக்கு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நான் பார்த்தபடி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜிம்மிக்குக் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, காதுக்கு ஒரு சொட்டு மருந்து. இரண்டும் ஒரே அளவு சீசா, ஒரே வெள்ளை மூடி. என் மருமகள் சாந்தி விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றவள். படையலுக்கு முன்னால் ஓடிவந்து நாய்க்கு மருந்து விட்டாள், காது மருந்தைக் கண்ணில் விட்டுவிட்டாள். நாய் ஊளையிட்டதும் அவளே பார்த்து, அவளே செம்புத் தண்ணீரை ஊற்றிக் கண்ணைக் கழுவி, அவளே வந்து உன்னிடம் சொன்னாள். கழுவிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டியபோதும் உடனே கழுவியதால் தப்பித்தது என்றுதான் சொன்னார்கள். நீ அதைக் காதில் வாங்கவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்க, மாலை போட்ட படத்தைக் கையால் காட்டி, “எங்கப்பா இருந்திருந்தா இந்த வீட்டுல இப்படி ஒரு தப்பு நடந்திருக்குமா? மலையில அத்தன பேருக்கு மருந்து குடுத்த மனுசன். ஒரு நாளாச்சும் மாத்திக் குடுத்திருப்பாரா?” என்று கத்தினாய். உன் சித்தப்பா தலையை ஆட்டினார். சாந்தி அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினாள். ஊருக்குப் புறப்படும்போது காரில் அவள் பின்னால் உட்கார்ந்ததையும் பார்த்தேன். வந்தபோது முன்னால்தான் உட்கார்ந்து வந்தாள்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அன்றைக்கே சொல்லியிருந்தால் நீ எல்லோர் முன்னாலும் தலைகுனிய வேண்டியிருந்திருக்கும். அதனால் தபாலில் வருகிறது.

நான் சொல்வது ஐம்பதுகளில் நடந்தது. உனக்கு மலை வாழ்க்கை பெரிதாக ஞாபகமில்லை. அட்டைக்கடியும் புகை வாசமும் ஞாபகமிருக்கிறது என்பாய், அதுவும் நாங்கள் சொல்லிக் கேட்டதாக இருக்கும். போடிமெட்டு ஏறி, அங்கிருந்து காட்டுப் பாதையில் நடந்தால் வரும் ஏலத்தோட்டத்தில் உன் அப்பா மேற்பார்வை. காய் எடுப்பதிலிருந்து, ஸ்டோரில் விறகுச் சூட்டில் காயவைத்து மூட்டை கட்டி போடிக்கு அனுப்புவது வரை அவர் பொறுப்பு. அடிவார ஊர்களான சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து லயத்து வரிசை வீடுகளில் தங்கி வேலை செய்தார்கள். ஸ்டோரை ஒட்டி எங்களுக்கு ஒரு வீடு. மழை பிடித்தால் விடாது. துணி காயாது, உப்பு தண்ணீராகிவிடும், தீப்பெட்டி நமத்துவிடும். அதையெல்லாம் ஸ்டோர் சுவரோரம் வைத்துத்தான் காப்பாற்றுவோம். மழையோடு கூடவே மலைக்காய்ச்சலும் வரும்.

காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை. முதலாளி போடியிலிருந்து அனுப்பிவைப்பார். பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது விழுங்கிவிடுவார்கள். பிள்ளைகளிடம் நடக்காது. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. அதற்கு உன் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். கருப்பட்டியை இளக்கி, கைச்சூட்டிலேயே உருட்டி, நடுவில் மாத்திரையைப் புதைத்து, சுண்டைக்காய் அளவு உருண்டையாக்கிப் பித்தளைத் தட்டில் அடுக்குவார். சாயங்காலம் காய் நிறுத்து முடிந்ததும் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் நம் வாசலில் வரிசையில் நிற்கும். “வாயத் தொற. கடிக்காத, முழுங்கு. நாக்கத் தூக்கு பாப்போம்.” இதைச் சொல்லிச் சொல்லியே உருண்டை கொடுப்பார். பிள்ளைகள் அதற்குக் கசப்பு உருண்டை என்று பெயர் வைத்திருந்தன. அந்த வரிசையில் நீயும் நிற்பாய். மேற்பார்வை மகனென்று வீட்டுக்குள் வைத்துத் தனியாகக் கொடுக்க மாட்டார்.

ஸ்டோருக்குக் காவலாக முதலாளி ஒரு கோம்பை நாயைக் கொண்டுவந்து விட்டிருந்தார். செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. செவலை என்று கூப்பிடுவோம். காட்டுப் பன்றி தோட்டத்தின் அந்தக் கோடியில் கிளறினால் இந்தக் கோடியில் காதை நிமிர்த்தும். முதலாளி மலையேறி வந்து சேர்ந்தால் கணக்கு வழக்கு கேட்பதற்கு முன்னால் “செவல எங்க?” என்றுதான் கேட்பார். அந்த மழைக்காலத்தில் செவலைக்கு வயிற்றில் பூச்சி. சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். போடி மாட்டாஸ்பத்திரியிலிருந்து பூச்சி மாத்திரை வந்தது. சும்மா கொடுத்தால் துப்பிவிடுகிறது. உன் அப்பா அதையும் கருப்பட்டியில் புதைத்தார். பிள்ளைகளுக்குத் தட்டில், நாய்க்குச் சிரட்டையில். ஒரே அடுப்பு, ஒரே கருப்பட்டி, ஒரே கை. “ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்குதுங்க, மாறிறப் போகுது” என்று நான் சொன்னேன். “தட்டு வேற, செரட்ட வேற. நான் என்ன குருடனா?” என்றார். அவர் மாற்றவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் கையில் எந்த உருண்டையும் எப்போதும் மாறவில்லை.

ஒரு நாள் முற்பகலில் விறகு எடுக்க ஸ்டோருக்குப் பின்னால் போனேன். செவலை நின்றுகொண்டிருந்தது, ஆனால் நிற்க முடியவில்லை. நாலு காலும் நாலு திசைக்குப் போகிறது. வாயில் நுரை. அதன் முன்னால் நீ குந்தியிருக்கிறாய், மடியில் உன் கோலிக்குண்டு போட்டுவைக்கும் பிஸ்கெட் டின். டின்னின் அடியில் கருப்பட்டிப் பாகு. உனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசுகூட இல்லை. என்னடா செய்தாய் என்று கேட்டதற்குப் பெருமையாகச் சொன்னாய்: “செவலைக்கு மருந்து குடுத்தேம்மா. எல்லாத்தையும் தின்னுருச்சு. இனிமே சோறு திங்கும்.”

உன் அப்பா நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார், கன்னத்து ஓரத்தைப் பார்க்க மாட்டார். நீ உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உள்ளே வந்து டின்னில் போட்டு வைத்திருக்கிறாய். எத்தனை நாளாகச் சேர்த்தாயோ, உனக்கே தெரியாது. அப்பா சிரட்டையிலிருந்து ஒரு உருண்டை எடுத்துச் செவலைக்குக் கொடுப்பதை நீ பார்த்திருக்கிறாய். உருண்டை தின்றால் நாய்க்குச் சரியாகும் என்பது உன் கணக்கு. உன்னிடம் அத்தனை உருண்டை இருந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாய்.

நான் போட்ட கூச்சலில் உன் அப்பா ஓடிவந்தார். டின்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். நாயின் வாயைப் பிளந்து உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றினார். வாந்தி வந்தது, மறுபடி ஊற்றினார். நாய் சரிந்து படுத்தது. மூச்சு மட்டும் ஓடியது. அப்புறம் டின்னை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்க் கழுவி, கோலிக்குண்டுகளையும் கழுவி உள்ளே போட்டு உன் கையில் கொடுத்தார். “போயி வெளாடு” என்றார். அவ்வளவுதான் உனக்குக் கிடைத்த தண்டனை. நான் உன் முதுகில் ஒன்று வைக்கக் கை ஓங்கினேன், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குள் ஸ்டோரில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். முதலாளி நாயாயிற்றே. என்ன ஆச்சு, பாம்பு கடித்ததா, யாராவது விஷம் வைத்தார்களா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். உன் அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எவனும் ஒண்ணும் வைக்கல. நாந்தேன் உருண்டைய மாத்திக் குடுத்துட்டேன். கொய்னாவக் குடுத்துட்டேன்.” வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். “பச்சப் புள்ள தெரியாம செஞ்சதுன்னு சொன்னா யாரு என்ன சொல்லப் போறாக? நீங்க எதுக்கு இழுத்துப் போட்டுக்கிறீக?” அதற்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது. “பெரியவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. லயத்துப் பிள்ளைக சொல்லும், நாயக் கொல்லப் பாத்தவன்னு. அது அவன்கூடவே வளரும். அவன் கொணமாக்கணும்னுதான் குடுத்திருக்கான் புள்ள. இதுக்குப் பயந்துட்டான்னா அப்புறம் எந்தச் சீக்கு கிட்டயும் போக மாட்டான். எனக்குன்னா ரெண்டு மழையில கரைஞ்சு போயிரும்.”

கரையவில்லை. செவலை பிழைத்துக்கொண்டது. ஆனால் காது போய்விட்டது. கொய்னா அளவுக்கு மிஞ்சினால் காதை அடிக்கும் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, தட்டைத் தரையில் போட்டால் திரும்பவில்லை. முதலாளி வந்தார். செவலையின் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தார். ஆட்கள் எல்லோரும் நிற்கும்போதே, “பச்சக் காய்க் குவியல்ல ஒத்தப் பழத்தக் கண்டுபிடிக்கிற ஆளுய்யா நீரு. ஒரு உருண்டைய மாத்திட்டீராக்கும்?” என்றார். உன் அப்பா, “ஆமாங்க, தப்புதான்” என்று மட்டும் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் முதலாளி புதிதாக வாங்கியிருந்த பெரிய தோட்டத்துக்கு இவரை மேனேஜராகப் போடுவதாகப் பேச்சு இருந்தது. ஓட்டு வீடு, ஜீப்பு போகிற பாதை, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். நான் மனசுக்குள் அந்த வீட்டில் அடுப்பு எங்கே வைப்பது என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தேன். அது வேறொருவருக்குப் போனது. அதற்காக உன் அப்பாவிடம் நான் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொய் சொன்ன நல்லவரோடு குடும்பம் நடத்துவது, உண்மை சொல்கிற கெட்டவனோடு நடத்துவதை விட லேசு என்று நினைத்துவிடாதே.

அதைவிடப் பெரிய சிக்கல், நாய் விழுந்த அன்று சாயங்காலமே வந்திருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், சொன்ன பொய்யை முழுசாக யோசிக்கவில்லை. வரிசையில் பிள்ளைகள் நிற்கின்றன, தட்டோடு இவர் வருகிறார். சிலமலைப் பேச்சியம்மா, காய் எடுப்பதில் கெட்டிக்காரி, அதைவிட வாயில் கெட்டிக்காரி, தன் மகளை வரிசையிலிருந்து இழுத்தாள். “அண்ணே, ஒண்ணு கேக்குறேன். நாய்க்குக் கொய்னா போச்சுன்னா, நாய் மருந்து எந்தப் பிள்ள வயித்துக்குப் போச்சு?” உன் அப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. எந்தப் பிள்ளைக்கும் போகவில்லை என்றார், சிரட்டையைக் கொண்டுவந்து நாய் உருண்டை அப்படியே கிடக்கிறது என்று காட்டினார். பேச்சியம்மா சிரட்டையைப் பார்க்கக்கூட இல்லை. “மாத்துனது தெரியாமத்தான மாத்துனீக? இதையும் தெரியாமத்தான் சொல்லுவீக. நாயையே சாகக் கெடத்துன கையி. எம்பிள்ளைக்கு வேணாம் சாமி.” வரிசை கலைந்துவிட்டது. தட்டில் உருண்டைகள் அப்படியே இருந்தன. நீ மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாய்.

இப்போது சொன்னால் என்ன என்று நான் கேட்டேன். மகன் செய்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் பேச்சியம்மா கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும், பிள்ளைகளும் மருந்து தின்னும். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு மூக்குப்பொடி போடக்கூட மறந்துபோய் டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். மழை வலுத்தது. லயத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் கண்டது, அப்புறம் பேச்சியம்மாவின் மகளுக்கும் கண்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்தப் பிள்ளை நடுங்கியதை நான் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து சொன்னேன், “உங்க மகன் பேரக் காப்பாத்த அந்தப் பிள்ளையக் காவு குடுப்பீகளா?” கடுமையான பேச்சுதான். அவருக்குக் கண் கலங்கியது. “நாளைக்கு ஒரு தடவ பாக்குறேன். அப்பவும் தின்னலைன்னா நானே சொல்லிப்புடுறேன்” என்றார்.

மறுநாள் சாயங்காலம் பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு லயத்துக்கே போனார். அதுவரைக்கும் பிள்ளைகள்தான் அவரிடம் வரும். பேச்சியம்மா வீட்டு வாசலில் நின்று, தட்டை அவளிடம் நீட்டி, “நீயே ஒண்ணு எடுத்து எனக்குக் குடு, ஆத்தா” என்றார். அவள் குவியலுக்கு அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். விழுங்கவில்லை, எல்லோரும் பார்க்கக் கடித்து மென்று தின்றார். பாகற்காய்க் குழம்பு வைத்தாலே உன் அப்பா எழுந்து போய்விடுவார், உனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் கொட்ட மென்று முடித்துவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார், தினமும் பிள்ளைகளைக் காட்டச் சொல்கிற மாதிரி. பிள்ளைகள் சிரித்துவிட்டன. பேச்சியம்மா சிரிக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். “நாளைக்கும் வந்து தின்னுங்க, அண்ணே. அப்பத்தேன் நம்புவேன்” என்று உள்ளேயிருந்து சொன்னாள். அவரும் போனார். அந்தக் காய் எடுப்பு முடியும் வரைக்கும் தினமும் தட்டோடு போய், காய்ச்சல் இல்லாத மனுஷன், முதல் உருண்டையைத் தான் தின்றுவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். “காதுக்குள்ள வண்டு சுத்துது புள்ள” என்பார் என்னிடம். பேச்சியம்மாவின் மகள் எழுந்து நடமாடினாள். நீயும் அந்த நாட்களில் கன்னத்தில் அடக்கவில்லை. அப்பா மெல்வதைப் பார்த்து நீயும் மென்று தின்றாய். ஏனென்று நான் கேட்கவில்லை.

செவலையைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லி முதலாளி சொன்னார். உன் அப்பா கெஞ்சி வைத்துக்கொண்டார். ஸ்டோருக்கு முன்னால் ஓடையைத் தாண்டப் போட்டிருந்த பலகை மேல் அது தாடையை வைத்துப் படுக்கப் பழகிக்கொண்டது. யார் கால் வைத்தாலும் பலகை அதிரும், எழுந்து குரைக்கும். காது போன பிறகும் காவல் காத்தது. நாங்கள் மலையிறங்கி போடிக்கு வந்தபோது, மாத்திரையை மாற்றியவர் என்ற பேர் உன் அப்பாவோடு இறங்கவில்லை, மலையிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் உனக்கும் உன் சித்தப்பாவுக்கும் இந்தக் கதை தெரியாது.

கடைசி வருஷங்களில் அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. “எத்தன தடவப்பா சொல்றது?” என்று நீ போனில் எரிந்து விழுவாய். வயசானால் அப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். அதுவாகவும் இருக்கலாம். நானும் ஒன்றும் சொன்னதில்லை, இப்போதும் அதற்காக இதை எழுதவில்லை. நீ எனக்குக் கடன்பட்டவனாக வேண்டாம், போய்ச் சேர்ந்தவருக்கும் வேண்டாம். நீ அழுவாய் என்றால் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொள். எனக்கு வேண்டியது வேறு. ஜிம்மியின் கண் மருந்துச் சீசாவின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டு. அது நீ செய்ய வேண்டிய சோலி, சாந்திக்குச் சொல்ல வேண்டிய புத்தி இல்லை. அதோடு சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டு, “அன்றைக்கு நான் சாந்தியைப் பேசியது தப்பு” என்று சொல். எல்லோர் முன்னாலும் பேசியதை அறைக்குள் வைத்து மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது. இந்தக் கடிதத்தை அவளிடமும் கொடு. அவள் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

அப்பா இருந்திருந்தால் என்று கேட்டாய் அல்லவா. இருந்திருந்தால், நீ கத்தத் தொடங்கியதுமே இலையை விட்டு எழுந்து வந்து, “அவள ஏம்ப்பா வையிற? நாந்தேன் சீசாவ மாத்தி எடுத்துக் குடுத்தேன்” என்று சொல்லியிருப்பார். நீயும் நம்பியிருப்பாய்.

அம்மா